பற்றில் ஏறாத போர்வை



மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வேளையிலே ஹப்புத்தளை வழியாகப் புகைவண்டியில் வந்தவர்களுக்கு ஊவாவின் குளிரைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2200 அடி உயரத்தில் உள்ளது. பண்டாரவளை ஏறக்குறைய 4000 அடி; ஹப்புத்தளையோ அதற்கும் மேலே, 4700 அடியளவில், இரு பக்கமும் பள்ளம் விழுந்த முகட்டின்மீது அமர்ந்திருக்கிறது. நமுனுகுல மலையைச் சுற்றிய தோட்டங்களிலும், பசறை, மடுல்சீமைப் பகுதிகளிலும் மழையும் பனியும் காற்றும் மாறி மாறி வரும். இந்தக் குளிரிலேதான் நம் முன்னோர் பிள்ளை பெற்று வளர்த்தனர். அப்பிள்ளைகளை எதனால் போர்த்தினர், அந்தப் போர்வையை யார் செய்தனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சிறிய பொருள்தான். ஆயினும், ஒரு போர்வையின் கதையைத் தொடர்ந்து சென்றால், ஒரு மக்கட்கூட்டத்தின் கதை முழுவதும் அதன் இழைகளோடு கூடவே வருகிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டிலே கோப்பிப் பயிர் பெருகத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய வெப்பம் மிகுந்த சீமைகளிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்கு அதற்கப்பாலும் நடை இருந்தது. புகைவண்டிப் பாதை ஹப்புத்தளையை எட்டியது 1893ஆம் ஆண்டில். பண்டாரவளையை எட்டியது 1894இல். பதுளைக்கு வந்து சேர்ந்ததோ 1924இல்தான். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கினார். பயிர் மாறிற்று, துரைமார் மாறினர். குளிர் மட்டும் மாறவில்லை.

வெப்ப நாட்டிலிருந்து வந்தவர் உடலில் இருந்தது ஒரு பருத்தித் துணி. ஆகவே தோட்டத்தை அடைந்தவுடன் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதற்பொருள்களுள் கம்பளியும் ஒன்றாயிற்று. இரவில் அது படுக்கை. பகலில் அதுவே மழைக்குக் கொங்காணி. ‘கம்பளி’ என்ற நம் சொல் வெள்ளைத் துரைமாரின் பேச்சிலும் கணக்கேடுகளிலும் அவ்வாறே புகுந்து, ‘கம்ப்ளி’ என்று வழங்கலாயிற்று.

கொடுக்கப்பட்டது என்றேன். இனாமாகக் கொடுக்கப்பட்டது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அரிசியைப் போலவே கம்பளியும் முன்பணக் கணக்கில் எழுதப்பட்டு, பின்னர் கூலியில் கழிக்கப்பட்டது. வந்த வழிச்செலவு ஒரு பற்று. அரிசி ஒரு பற்று. கம்பளி ஒரு பற்று. கூலியைக் கையில் வாங்குமுன்னரே கடன் தோளில் ஏறிவிடும். ஒருவர் பட்ட கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கே ஆள் மாறிப் போக முடியும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க 1927இல் ஒரு சட்டம் வந்தது. 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஒரே மழையில் நனைந்தும் கூலியில் இந்த வேறுபாடு இருந்தது. நாட்கூலியில் ஆண் பெண் பேதம் நீங்க 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, கம்பளி என்னும் பொருள் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்றே நோக்குவோம். நம் மொழியில் கம்பளி மயிர் தரும் ஆட்டுக்குக் குறும்பாடு என்று பெயர். தக்காணத்து வறண்ட மேட்டுநிலங்களிலே, பல்லாரி, சித்திரதுர்க்கம் முதலிய பகுதிகளில், குறும்பர் என்னும் இடையர் குலத்தார் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு ஆட்டு மயிரிலிருந்து கம்பளி நெய்து வருகின்றனர். ஆடுகளைக் குளிப்பாட்டி மயிர் கத்தரிப்பர். பெண்கள் மயிரைக் கொத்திப் பிரித்து நூலாக நூற்பர். ஆண்கள் பாவு ஓட்டி, புளியங்கொட்டைக் கூழ் பூசி விறைப்பேற்றி, குழித்தறியில் நெய்வர். மனைவி நூற்ற நூல் இன்றிக் கணவனுக்குத் தறியில் வேலை இல்லை. கணவன் நெய்யாவிடில் மனைவி நூற்ற நூல் வெறும் சிட்டமே. ஆக, அந்தக் கம்பளி ஒவ்வொன்றும் இருவர் கைப்பட்ட பொருள்.

நம் தோட்டங்களில் இந்நிலை தலைகீழாயிற்று. போர்வை எங்கோ செய்யப்பட்டு, விலை குறிக்கப்பட்டு, கட்டுக்கட்டாக ஸ்டோருக்கு வந்தது. கணவனும் மனைவியும் அதனைச் செய்பவராக இல்லை. அதற்குக் கடன்பட்டவர் ஆயினர்.

அந்தக் கம்பளியும் உழைப்பவருக்கே உரியது. செக்ரோலில் பேர் உள்ளவருக்குக் கம்பளி உண்டு. ஏணையிற் கிடக்கும் பிள்ளைக்குப் பேர் ஏது?

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லத்தக்க லயத்துக் காம்பரா. ஓர் ஓரத்தில் அடுப்பு. கூரை மரத்திலே தாயின் பழைய சேலையால் கட்டிய ஏணை. பிறந்த பிள்ளைக்குக் கோடித்துணி சாத்தாமல், பலகாலம் உடுத்து மெத்தென்று ஆன பழந்துணியைச் சுற்றுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தில் அறிவு உண்டு. கரடுமுரடான கம்பளி பச்சைப்பிள்ளையின் தோலை உராய்ந்து புண்ணாக்கும். ஆகையால் பழஞ்சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து, ஓரம் தைத்து, உள்ளே போர்த்துவர். மேலே அப்பனின் கம்பளியில் ஒரு பாதி. அந்தப் பாதியும் விடியலில் அவன் பிரட்டுக்குப் புறப்படும்போது அவனோடு போய்விடும்.

அரசாங்கம் இதனை அறவே கவனியாதிருந்தது என்று சொல்லுதல் பொருந்தாது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போசணையும் கிடைக்கச் செய்தலும் அவர் பொறுப்பாயிற்று. 1939இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. பிள்ளைக் காம்பராக்கள் தோன்றின. தாய் கொழுந்து மலைக்குப் போகையில் ஆயாவின் கையில் பிள்ளையை ஒப்படைத்துச் செல்லலாயினள். இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும் இச்சட்டங்கள் யாவும் தாயையும் துரையையும் பற்றியே பேசின. பிள்ளையைப் பேணுவதில் தந்தையின் கைக்கும் வேலை உண்டு என்பதை நம்மில் எவரும் அன்று பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

தோட்டத்து நாளின் அமைப்பை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கவ்வாத்து வெட்டும் ஆணுக்கு இத்தனை செடி என்று கணக்கு. கை வேகமுள்ளவன் நடுப்பகல் கழியுமுன் முடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணோ மாலை நிறுவை முடிந்து, கூடையை இறக்கிய பின்னரே பிள்ளைக் காம்பராவுக்கு ஓட முடியும். அதன்பின் விறகு, தண்ணீர், அடுப்பு. அவனுக்குப் பிற்பகல் ஓய்ந்திருக்க, அவளுக்கு இரவும் போதாது.

இங்கே பின்னல் வேலையின் வரலாற்றையும் ஒரு சிறிது சொல்ல வேண்டும். நெசவுக்குத் தறி வேண்டும். பாவும் ஊடையுமாக இருவகை நூல் வேண்டும். பின்னலுக்கோ இரண்டு ஊசியும் ஓர் இழையும் போதும். ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்து வரிசை வரிசையாக வளர்ப்பது அது. இவ்வேலையை நம் மலைநாட்டுப் பெண்கள் பெரும்பாலும் மிசன் பள்ளிகளின் வழியாகவும், அங்கே பயின்ற ஆசிரியைகளின் வழியாகவும் கற்றனர். தையலோடும் சமையலோடும் சேர்த்து இது பெண்பிள்ளைகளுக்குரிய பாடமாக வகுக்கப்பட்டது. பையன்கள் தோட்டவேலை செய்ய வெளியே அனுப்பப்பட்டனர்.

ஆனால் ஊசிப்பின்னல் தொடக்கத்திலேயே பெண்களுக்கென ஒதுக்கப்பட்டதன்று. ஐரோப்பிய நகரங்களிலே ஒரு காலத்தில் ஆண்கள் சங்கம் அமைத்து, பல்லாண்டு பயிற்சி பெற்றுச் செய்த தொழில் அது. 1589இல் காலுறை பின்னும் பொறியை முதன்முதல் அமைத்தவரும் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயரே. தென்னமெரிக்காவிலே, பெரு நாட்டின் திதிகாக்கா ஏரியில் தக்கீலே என்று ஒரு தீவு உண்டு. அங்கே இன்றும் சிறுவயது முதலே ஆண்கள் பின்னுகின்றனர். பெண்கள் நூற்கின்றனர், நெய்கின்றனர். அத்தீவினரின் துணிக்கலையை 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. இது ஆண் வேலை, இது பெண் வேலை என்ற வரம்பு ஊருக்கு ஊர் மாறுவது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவும் நூலறிவு. இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

1974ஆம் ஆண்டு. நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. மாவும் அரிசியும் அருமையாயின. அதன் கொடுமையைத் தோட்ட மக்களே மிகுதியாக அனுபவித்தனர். அவ்வாண்டில் தோட்டங்களில் மரணம் பெருகியது வரலாற்றில் பதிவான செய்தி. எனக்கு அப்போது ஐந்து வயது. பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தோம். என் தாயார் நிறைமாதக் கர்ப்பிணி. எங்கள் லயத்திலே அவ்வருடம் இரண்டு பச்சைப்பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆதலால் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி என் பெற்றோர் மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை. தாழ்ந்த குரலில், அஞ்சியே பேசினர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தையார் பதுளைச் சந்தையிலிருந்து ஒரு பழைய சுவெட்டர் வாங்கி வந்தார். முழங்கை இரண்டும் கிழிந்தது. நிறம் மங்கிய பச்சை. அதனை அவர் உடுத்தவில்லை. அன்று மாலையே தையலை அறுத்து, ஓர் இழையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். சுருள் சுருளாக நூல் வந்தது. அதை ஒரு பலகையில் சுற்றி, நனைத்துக் காயவைத்தார். சுருக்கம் நீங்கி நூல் நேரானது. உடைந்த குடையின் கம்பிகள் இரண்டை நறுக்கி, முனையைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கினார். என் தாயார் பள்ளிக்கூட மாஸ்டரின் மனைவியாரிடம் முன்பே சிறிது பின்னல் பழகியிருந்தார். அவர் சொல்லிக்கொடுக்க, கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை ஊசி பிடித்தது.

தந்தையார் பிற்பகலில் பின்னுவார். தாயார் இரவிலே குப்பி விளக்கின் முன் பின்னுவார். சில நாள் கழித்து விரித்துப் பார்த்தபோது, போர்வை ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் கோணலாய்க் கிடந்தது. தந்தையார் தொடர்ந்து பின்னிய பகுதி இறுகியிருந்தது. தாயார் பின்னிய பகுதி நெகிழ்ந்திருந்தது.

“என்னங்க, ஒங்க வரிசையெல்லாம் இப்படி இறுகிக் கெடக்கே” என்றார் தாயார்.

“கவ்வாத்துக்காரன் கையில்ல. இறுக்கிப் புடிச்சாத்தானே கத்தி நிக்கும்” என்றார் தந்தையார்.

முழுவதையும் பிரித்தார்கள். மறுபடி தொடங்கியபோது ஒரு முறை வகுத்துக்கொண்டனர். ஒரு வரிசை அவர், அடுத்த வரிசை இவர். அவ்வாறு செய்தால் இறுக்கமும் நெகிழ்வும் அடுத்தடுத்து அமைந்து, போர்வை கோணாமல் வரும். ஆனால் அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் அருகருகே அமர வேண்டும். ஆகவே தந்தையார் பிற்பகலிலே விறகையும் தண்ணீரையும் தாமே கொண்டுவந்து வைக்கலானார். தாயார் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். லயத்து ஆடவர் சிலர் ஏளனம் செய்தனர். தந்தையார் மறுமொழி கூறவில்லை, கதவைச் சாத்தவுமில்லை.

மார்கழியில் என் தங்கை பிறந்தாள். மிகவும் மெலிந்த பிள்ளை. அந்தப் பச்சைப் போர்வைக்குள் அவளைச் சுற்றி, இரவு முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் மார்போடு அணைத்து வைத்திருந்தார்கள். அவள் பிழைத்தாள். போர்வையால்தான் பிழைத்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. தாய்ப்பாலும் தெய்வ சித்தமும் அயலாரின் அன்பும் சேர்ந்தே ஓர் உயிர் பிழைக்கிறது. ஆயினும் அன்று எங்கள் காம்பராவிலே எவர் பற்றிலும் ஏறாத பொருள் ஒன்று இருந்தது. அதற்காக எந்தக் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் ஒரு சதம் எழுதப்படவில்லை.

கதை இங்கே முடியவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நேயர்கள் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயிருந்த 975,000 பேரில், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என அது வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைச் சமமாகப் பகிர்வது என 1974இல் முடிவாயிற்று. எண்ணிக்கையில் எளிதாகத் தோன்றும் இப்பங்கீடு குடும்பங்களை நடுவே பிளந்தது. என் தந்தையாரின் தங்கை, என் அத்தை, கணவரோடு இந்தியா செல்ல வேண்டியவரானார். புறப்படும்போது அவரும் பிள்ளைத்தாய்ச்சி. தலைமன்னாருக்குப் புகைவண்டி ஏறுமுன் என் தாயார் அந்தப் போர்வையை அவர் பெட்டிக்குள் வைத்தார். “அங்கேயும் குளிராம், மதினி” என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் சென்ற இடம் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்துவந்தது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. ஊவா மலையை விட்டுச் சென்றவர்களுக்கு இன்னொரு மலையும் அதே குளிரும் வாய்த்தன.

பல்லாண்டு கழித்து, நான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த பின்னர், கோத்தகிரிக்குச் சென்று அத்தையைக் கண்டேன். போர்வையைப் பற்றி விசாரித்தேன். பெட்டியிலிருந்து எடுத்து விரித்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நடுவில் மட்டும் மங்கிய பச்சை, சுற்றிலும் சிவப்பு. மூத்த பிள்ளைக்குப் பின் நூல் நைந்துபோகவே, அத்தையும் மாமாவும் அதனைப் பிரித்து, நல்ல இழையை மட்டும் எடுத்து, புது நூல் சேர்த்து, இரண்டாம் பிள்ளைக்காக மறுபடி பின்னினார்களாம். “ஒங்கப்பா செஞ்ச மாதிரியே, ஆளுக்கொரு வரிசை” என்றார் மாமா.

பின்னலுக்கு இப்படி ஓர் இயல்பு உண்டு. நெய்த துணி கிழிந்தால் ஒட்டுப்போடலாம். பின்னியதைப் பிரித்தால் மறுபடியும் நூல் கிடைக்கிறது. ஆனால் பிரிப்பதற்கும் மீண்டும் பின்னுவதற்கும் மனமுள்ள கைகள் வேண்டும்.

இன்று கொழுந்து மலையில் கம்பளிக் கொங்காணி அருகிவிட்டது. பொலித்தீன் விரிப்புகள் அதனிடத்தைப் பெற்றுவிட்டன. குழந்தைக்குரிய போர்வையும் பதுளைக் கடைத்தெருவில் பலவித வண்ணங்களிற் கிடைக்கிறது. அவற்றை வாங்குவது குற்றமன்று. குடியுரிமையும் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நம் மக்களை முழுமையாக வந்தடைந்தது. பழைய துன்பங்கள் பல நீங்கியுள்ளன. ஆனால் மாலையில் மலையிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு இரவு வேலை நீங்கிவிட்டதா? தோட்டப்புறத்துப் பள்ளியொன்றின் அதிபராக, என் மாணவியர் சொல்லக் கேட்டே இதனை வினவுகிறேன். நாட்கூலியைச் சமமாக்கச் சட்டம் உண்டு. வீட்டுவேலையைச் சமமாக்கச் சட்டம் இல்லை. அதை வீட்டார்தாம் செய்துகொள்ள வேண்டும்.

என் தந்தையார் சீர்திருத்தக்காரர் அல்லர். அச்சத்தாலும் அன்பாலும் ஊசியைப் பிடித்தவர். ஆயினும் ஒரு வரிசை அவர், ஒரு வரிசை இவர் என்று அமர்ந்ததற்காக அவர் அடுப்பையும் மூட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பழக்கம் போர்வை முடிந்த பின்னும் எங்கள் வீட்டில் நிலைத்தது. தங்கைக்கு வாய்த்த பெரிய பேறு அதுவே என்று இன்று எண்ணுகிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பழம்பெட்டியிலும் ஒரு கம்பளியோ, தைத்த சேலை மடிப்போ, பின்னிய போர்வையோ கிடக்கக்கூடும். அதனை வெளியே எறியுமுன் வீட்டுப் பெரியோரை அழைத்து, இது யார் செய்தது, எந்த ஆண்டில், யாருக்காக என்று கேளுங்கள். விடையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்கேடுகளில் நம்மவரின் பற்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வரவை நாம்தான் எழுத வேண்டும்.